ம்ம் என்றால் என்ன அர்த்தம்

மார்ச் 4

பல்லிக்கு,

கடிதம் எழுதி எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை. தபால் நிலையத்தில் உறை கேட்டதற்கு அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு வழி? இரண்டு மாதமாக நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. போன வாரத்திலிருந்து மணியே அடிப்பதில்லை. என் எண்ணையே தடுத்துவிட்டாய் என்று உன் பெண்டாட்டிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "என்னைத் தப்பா நினைக்காதீங்க அண்ணி, உங்க பேச்சை எடுத்தாலே அவரு எழுந்து போயிடுறாரு" என்றாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஜனவரியில் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு எடுத்தேன். விபத்துக்குப் பிறகு ஒரு தொழிலாளியின் மனம் என்ன ஆகிறது என்பது தலைப்பு. இருபது வருடமாக என் பிழைப்பே அதுதானே. விபத்திலும் தீயிலும் அடிதடியிலும் சிக்கி உயிரோடு வெளியே வந்தவர்கள் மறுபடி தூங்கி, சாப்பிட்டு, வேலைக்குப் போகும்வரை கூட இருப்பது. அந்த வகுப்பில் 'ஒரு லிஃப்ட் மெக்கானிக்' என்று ஓர் உதாரணம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. அவர் தவறான பட்டனை அழுத்தியதில் கூட வேலை செய்தவருக்குக் கால் போனது, அன்றிலிருந்து லிஃப்டில் ஏற முடியாமல் காய்கறிப் பையோடு நான்கு மாடி படியேறுகிறார் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த முப்பது பேரில் ஒருவர் உன் கம்பெனி ஆள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் எதிர்வினை இயல்பானது. கோபம் என்பது மனம் ஆறுவதில் ஒரு கட்டம். நீ தயாரானதும் நாம் பேசலாம். அவசரமில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ எத்தனை வழியை அடைத்தாலும் நான் விடப்போவதில்லை. அடுத்தது தந்தி அடிப்பேன்.

அக்கா

*

மார்ச் 12

டாக்டரம்மாவுக்கு,

நீ டாக்டர் இல்லை என்று தெரியும். ஆனால் கடிதம் மருந்துச் சீட்டு மாதிரிதான் இருந்தது. என் எதிர்வினை இயல்பானது என்று சான்றிதழ் கொடுத்ததற்கு நன்றி. சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

நான் ஸ்டோர் ரூமில் நட்டையும் போல்ட்டையும் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது என் வேலை அதுதான். அந்தப் பாதுகாப்பு அதிகாரி வந்து ஆறு பேர் முன்னால், "உங்க கேஸைப் பத்தி ஒரு மேடம் பிரமாதமா பேசினாங்க தம்பி. படிக்கட்டு விஷயத்தைக் கேட்டு எல்லாரும் உச்சு கொட்டினாங்க" என்றார். உச்சு கொட்டினார்களாம். நான் படியேறுவது என் பெண்டாட்டிக்குத் தெரியும், உனக்குத் தெரியும். உன்னிடம் அழுதுகொண்டே சொன்னேன். அது உன் வகுப்புக்குச் சரக்கா?

அதோடு நான் தவறான பட்டனை அழுத்தவில்லை. சரியான பட்டனைத்தான் அழுத்தினேன். பதினாறு வருட சர்வீசில் நான் பட்டன் மாற்றி அழுத்தியது கிடையாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஊர் பூராவும் சொல்லாதே.

போனில் பேச மாட்டேன். அதற்கு வகுப்பு மட்டும் காரணம் இல்லை. உன் 'ம்ம்' எனக்குத் தாங்கவில்லை. நான் ஒன்று சொன்னால் ம்ம். நிறுத்தினால் ம்ம். மூக்கை உறிஞ்சினால் அதற்கும் ஒரு ம்ம். எழுதுவதானால் எழுது, படிக்கிறேன். கடிதத்தில் ம்ம் போட முடியாது.

தம்பி

*

மார்ச் 18

பல்லிக்கு,

மன்னித்துவிடு. முதல் கடிதத்திலேயே இந்த ஒரு வார்த்தையை எழுதியிருக்க வேண்டும். உறையை ஒட்டும்போதே தெரிந்தது, அதில் சாக்குதான் இருக்கிறது, மன்னிப்பு இல்லை என்று. இருந்தும் ஒட்டினேன்.

என்னிடம் வருகிறவர்கள் சொல்வதை அலமாரியில் பூட்டிச் சாவியைக் கைப்பையில் வைத்திருப்பவள் நான். உன்னுடையதை மட்டும் வீட்டுச் சாமான் மாதிரி கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன். என் தம்பிதானே என்ற எண்ணம். நேற்று அந்த வகுப்பை நடத்தியவர்களைக் கூப்பிட்டு, பாடக் குறிப்பிலிருந்து அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். "அது என்னுடையது இல்லைங்க. கேக்காம எடுத்துட்டேன்" என்றேன். இனிமேல் என்னைக் கூப்பிடுவார்களா தெரியாது. கூப்பிடாவிட்டால் போகட்டும்.

ம்ம் விஷயத்துக்கு வருகிறேன். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது, மறைக்காமல் சொல்கிறேன். உனக்கு ஸ்பேனர் மாதிரி எனக்கு அது. எதிரில் இருப்பவரை இடைமறிக்காமல், தனியாக விடாமல், மேலே பேச வைக்க அதைவிடச் சின்னக் கருவி கிடையாது. அதை யாரிடம் கற்றேன் தெரியுமா? உன்னிடம். சின்ன வயதில் நான் கதை சொல்வேன், நீ சுவரோரம் படுத்துப் பல்லி மாதிரி உம் கொட்ட வேண்டும், அதுதான் நம் ஒப்பந்தம், உன் பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். உம் நின்றுவிட்டால் தூங்கிவிட்டாய் என்று அர்த்தம். உடனே உன் போர்வையை உருவிக்கொள்வேன். ஏழு வயதில் நீ போட்ட உம்மை வைத்துத்தான் இன்றும் காலம் தள்ளுகிறேன்.

அதனால் கேட்கிறேன். அந்தச் சத்தம் உனக்கு எப்போதிலிருந்து தாங்கவில்லை? இதைத் தெரிந்தவளாகக் கேட்கவில்லை, சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்கிறேன். சொல்லப் பிடிக்காவிட்டால் நட்டு போல்ட்டைப் பற்றி எழுது. அதையும் படிப்பேன்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஸ்டோர் ரூம் மேசைக்கு ஒரு கால் குட்டை.

அன்று நடந்ததை நீ முழுதாகக் கேட்டதில்லை. நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதும் இல்லை.

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நான் நின்றேன். கீழே, லிஃப்ட் கூண்டின் அடியில் இருக்கும் குழியில் மீசை அண்ணன். பதினோரு வருடமாக நாங்கள் ஜோடி. அந்த மீசைக்குப் பின்னால் அவருக்கு ஒரு பெயர் இருப்பதே கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. சர்வீஸ் நேரத்தில் பெட்டி தானாக ஓடாது. கூரைமேல் இருக்கும் பட்டனை நான் அழுத்திப் பிடித்தால் மெதுவாக நகரும், விட்டால் நிற்கும். குழியில் ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. அதை அவர் அமுக்கி வைத்திருக்கும்வரை நான் எதை அழுத்தினாலும் பெட்டி அசையாது. பெட்டியை நகர்த்த வேண்டுமென்றால் அவர் சுவிட்சை விடுவித்து, மூலையில் ஒதுங்கி நின்று, "இறக்கு" என்று சொல்ல வேண்டும். நான் "இறக்குறேன்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். விதி அது.

பதினோரு வருடத்தில் அந்த விதி தேய்ந்துபோயிற்று. அவர் இருமினாலே எனக்கு அர்த்தம் புரியும். "இறக்கவா அண்ணே?" என்று கேட்பேன். சரி என்றால் ம்ம். வேண்டாம் என்றால் ம்ஹூம். அதற்குமேல் நாங்கள் வாயைச் செலவழித்ததில்லை.

அன்று காலை பத்தரை மணி. "இறக்கவா அண்ணே?" என்றேன். "ம்ம்" என்றார். அழுத்தினேன். மூன்று எண்ணுவதற்குள் அவர் அலறினார். கையை எடுத்துவிட்டேன், பெட்டியும் நின்றுவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஏழு மாதமாக அந்த ஒரு சத்தத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் அக்கா. ம்ம் என்றாரா, ம்ஹூம் என்றாரா? அந்தக் கூண்டில் எல்லாம் எதிரொலிக்கும். நடுவில் இருந்த 'ஹூ' என் காதில் விழாமல் போயிருந்தால்? வேண்டாம் என்று சொன்ன மனுஷன் மேல் பெட்டியை இறக்கியிருந்தால்? விசாரணையில் நான் கேட்டுவிட்டுத்தான் இறக்கினேன் என்று சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து "எனக்கு ஞாபகம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார் என்று நினைக்கிறேன். இன்றுவரை அவரை நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

நீ போனில் ம்ம் என்றால் என் கட்டைவிரல் தானாக அழுத்தப் போகிறது. அதனால்தான் எண்ணைத் தடுத்தேன்.

மேனேஜர் நாள் குறித்துவிட்டார். "ஜூன் ஒண்ணாம் தேதி டெஸ்ட். பெட்டி மேல ஏறி எட்டு மாடியும் இறங்கி வரணும். முடியலன்னா நிரந்தரமா ஸ்டோர்தான். நான் கெட்டவன் இல்லப்பா, எனக்கு ஆள் வேணும்" என்றார். நட்டு எண்ணியே ரிட்டையர் ஆக எனக்கு இஷ்டமில்லை. எனக்குத் தெரிந்தது லிஃப்ட் ஒன்றுதான். ஆனால் என் வீட்டு லிஃப்டிலேயே கால் வைக்க முடியவில்லை.

இதை வகுப்பில் சொல்லாதே.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

அடுப்பில் பாலை வைத்துவிட்டு உன் கடிதத்தைப் பிரித்தேன். பால் முழுக்கப் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது, நான் ஸ்டூலைவிட்டு எழவில்லை. 'தவறான பட்டன்' என்று முப்பது பேர் முன்னால் எவ்வளவு தெளிவாகச் சொன்னேன்! நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. கடிதம் அலமாரிக்குள் போய்விட்டது. சாவி என்னிடம்.

நான் உனக்கு ஆலோசகராக இருக்க முடியாது. அக்காவாக இருப்பதையே சொதப்பிக்கொண்டிருக்கிறேன். உன் ஊரில் என் தொழிலில் ஒருத்தி இருக்கிறாள். கறாரான பொம்பளை, ஆனால் கெட்டிக்காரி. அவள் எண் பின்பக்கம் இருக்கிறது. உன்னைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ம்ம் என்ற சத்தம் ஆகாது என்பதை முதல் நாளே சொல்லிவிடு.

அக்காவாக இரண்டு விஷயம். டெஸ்ட் அன்று திடீரென்று பெட்டிமேல் குதிக்கலாம் என்று வீம்பு பிடிக்காதே. வீட்டு லிஃப்டில் ஆரம்பி. கதவைத் திறந்து வைத்து வெளியிலேயே நில். கை நடுங்கும், நடுங்கட்டும், ஓடாதே. நடுக்கம் தானாக அடங்கும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போ. மறுநாள் ஒரு கால் உள்ளே. ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்புக்கு எத்தனை தடவை வாயால் சொன்னாலும் ஏறாது. இப்படித்தான் அதற்குக் காட்ட வேண்டும். அந்தக் கறாரம்மாவும் இதையேதான் சொல்வாள், இன்னும் ஒழுங்காகச் சொல்வாள்.

அடுத்தது மீசை அண்ணன். போய்க் கேள். உன்மேல் தப்பில்லை என்று அவர் வாயால் சொல்லவைக்கப் போகாதே, அது அவருக்கு இன்னொரு சுமை. உனக்கு இருப்பது ஒரே கேள்வி. அதைக் கேள். பதில் ம்ஹூம் என்று வந்தாலும் வரும். அதற்கும் தயாராகப் போ.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். உன் கடிதத்துக்குப் பிறகு நான் ஒரு நாளில் எத்தனை ம்ம் போடுகிறேன் என்று காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். மதியத்துக்குள்ளேயே நூறைத் தாண்டிவிட்டது. அன்று சாயங்காலம் எதிரில் இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு, "நான் கடைசியா என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்" என்றார். அவர் என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன். நான் திருதிருவென்று விழித்தேன், அதை எழுதலாம்.

அக்கா

*

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

உன் கறாரம்மாவிடம் இரண்டு தடவை போய்விட்டு வந்தேன். ம்ம் ஆகாது என்றதும் மேலே ஒன்றும் கேட்காமல், "சரி, நான் 'கேக்குறேன்'னு சொல்றேன்" என்றார். அப்படியே சொல்கிறார். உன்னைவிட ரொம்பத் தேவலாம்.

வீட்டு லிஃப்ட் கதையைக் கேள். நான்கு நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பத்து நிமிடமாக அதையே முறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டை முறைத்துப் பார்த்தால் குடியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? மூன்றாம் மாடி ரிட்டையர்ட் தலைமை ஆசிரியர், "என்னப்பா, கயிறு ஏதும் வீக்கா?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சேதி பரவிவிட்டது. ஒரு வாரம் கட்டடம் மொத்தமும் படியேறியது. எல்லாருக்கும் கூட வந்த மாதிரி எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நேற்று உள்ளே ஏறி முதல் மாடிவரை போனேன். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஆனால் போனேன்.

மீசை அண்ணன் வீட்டுக்கு இரண்டு தடவை போய் வாசல் கேட்டோடு திரும்பிவிட்டேன். திட்டாதே.

இப்போது என் முறை. பல் டாக்டர் உன் கடைவாய்ப் பல் தேய்ந்துபோயிருக்கிறது என்றாராமே? தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறாயாம். என் வீட்டுக்காரியிடம் சொன்னாயே, என்னிடம் சொல்லமாட்டாயா? மத்தியானச் சாப்பாட்டை ஒரு ஆள் போய் அடுத்த ஆள் வருவதற்குள் நின்றுகொண்டே விழுங்குகிறாய் என்றும் கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறாய்? உண்மையைச் சொல்.

லிஃப்டில் அளவுக்குமேல் ஆள் ஏறினால் மணி அடிக்கும், கதவு மூடாது. யாராவது ஒருவர் இறங்கும்வரை நகராது. உனக்கு அந்த மணி எங்கே?

தம்பி

*

ஏப்ரல் 29

பல்லிக்கு,

ஒன்பது பேர். போதுமா?

மே மாதம் முழுவதும் நாள் கொடுத்தாகிவிட்டது. காத்திருக்கிறவர்கள் வேறு பதினான்கு பேர். அவர்களில் யாரை இறங்கச் சொல்வது என்று உன் லிஃப்டையே கேட்டுச் சொல். ஒரு பல் தேய்ந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம். என்னைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பாதிக்கிறேன்.

கேட் வரை போனதெல்லாம் கணக்கில் சேராது. அழைப்பு மணியை அடி. ஜூன் ஒன்றுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

அக்கா

உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். கதவு மூடாது என்றாயே, அது பழுது இல்லையா?

*

மே 14

அக்காவுக்கு,

பழுது இல்லை. அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மூடினால்தான் பழுது.

மணியை அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. மீசை அண்ணன் சம்சாரம் கதவைத் திறந்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர் டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். செயற்கைக் கால் சுவரில் சாய்ந்திருந்தது. அதற்கும் ஒரு ஷூ மாட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உக்காருடா. அது கடிக்காது" என்றார்.

உட்கார்ந்தேன். நீ சொன்ன மாதிரியே வேறு எதுவும் பேசாமல் கேட்டுவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு நீங்க ம்ம்னு சொன்னீங்களா, ம்ஹூம்னு சொன்னீங்களா?"

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"ரெண்டும் இல்லடா. வாயில டார்ச் இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை.

"சுவிட்ச எடுத்து விட்டுட்டேன். ஒதுங்கலாம்னு பாக்குறேன், ஸ்பேனர் கீழ விழுந்துடுச்சு. ஒரு நிமிஷம்தானேன்னு டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு தேடுறேன். நீ இறக்கவான்னு கேட்ட. 'இரு'ன்னு சொன்னேன். நான் சொன்னது 'இரு'தான். டார்ச்சைக் கடிச்சுக்கிட்டு 'இரு'ன்னு சொல்லிப் பாரு, என்ன வருதுன்னு."

மேசை டிராயரிலிருந்து ஒரு பென் டார்ச்சை எடுத்து நீட்டினார். கடித்துக்கொண்டு சொன்னேன். ம்ம் என்றுதான் வந்தது. மறுபடி சொன்னேன், கத்திக்கூடப் பார்த்தேன். ம்ம்தான். "குடு இப்படி" என்று வாங்கி அவரும் கடித்துச் சொன்னார். அவருக்கும் ம்ம். அவர் சம்சாரம் டீ கொண்டுவந்தபோது இரண்டு தடிமாடுகள் மாற்றி மாற்றி டார்ச்சை வாயில் வைத்து உறுமிக்கொண்டிருந்தோம். "என்னங்க இது கூத்து?" என்றார். அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு நான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. டீ ஆறிப்போய்விட்டது.

"ஞாபகம் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களே?" என்றேன்.

"உன்னைக் காப்பாத்தன்னு நெனச்சியா? என்னைக் காப்பாத்திக்கத்தான். இருபத்தாறு வருஷ சர்வீசு. சுவிட்ச விட்டுட்டு, வாயில டார்ச்சோட குனிஞ்சு நின்னேன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. நீ வரவே இல்ல. உண்மையைக் கண்டுபிடிச்சுட்ட, என் மேல கோவமா இருக்கன்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

எட்டு மாதம் அக்கா. அவர் அந்த ஜன்னல் பக்கம், நான் ஸ்டோர் ரூமில்.

நான் வார்த்தை வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. "ஆமா. அது உன் பங்கு, அதை நீயே வச்சுக்க. என் பங்கையும் சேத்துத் தூக்கிட்டுத் திரியாத. அதைக் குடுத்துடு" என்றார். அதைக் கேட்டதும் தோள் லேசாயிற்று. தப்பில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு பேரும் சேர்ந்து நடந்ததை நடந்தபடி எழுதி விசாரணைக் கமிட்டிக்கு அனுப்பிவிட்டோம். என்ன வந்தாலும் வரட்டும். ம்ம், ம்ஹூம் இரண்டையும் ஒழித்துக்கட்டச் சொல்லியும் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு குழியிலும் சுவரில் பெரிய எழுத்தில் 'வாயைத் திறந்து சொல்' என்று பெயிண்டால் எழுத வேண்டும். வாசகம் அண்ணனுடையது.

தம்பி

*

மே 22

பல்லிக்கு,

உன் கடிதத்தை ஆலோசனை அறையிலேயே படித்தேன். படித்து முடித்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு 'இரு' என்று சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை சொல்லும்போது கதவுக் கண்ணாடி வழியாக அடுத்தவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருடமாக வருகிறவர். முதல்முறையாக என்னைப் பற்றிக் கவலைப்பட்டார்.

உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. இதை எழுத நான்கு தொழில்முறை வாக்கியம் யோசித்து நான்கையும் அடித்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை என் மணி அடித்தது. ஏழாவது ஆள் பேசிக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைகிறது. எனக்கு என் ம்ம் மட்டும்தான் கேட்கிறது. அதுவும் வேறு யாரோ சொல்வது மாதிரி. அவரை நிறுத்தி, "மன்னிச்சுக்கோங்க, இன்னைக்கு என்னால கேக்க முடியல. தப்பு உங்க மேல இல்ல" என்றேன். சொல்லும்போது தாடை வலித்தது. இருபது வருடத்தில் அப்படி ஒருவரிடம் சொன்னதில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

ஜூனில் முதல் இரண்டு வாரம் விடுப்பு. நாள் கொடுத்தவர்களுக்கு நானே ஒவ்வொருவராகப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவசரமானவர்களைச் சக ஆலோசகர் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஐந்து பேர். மதியம் உட்கார்ந்து சாப்பாடு. இதைச் சுவரில் பெயிண்டால் எழுதவில்லை, கதவில் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் கிளம்பும்போது கதவருகே நின்று ஏதோ கேட்டார். நான் தலை குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ம்ம் என்றேன். அவர் போய்விட்டார். திரும்ப வரவே இல்லை. எதற்கு ம்ம் என்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன், அது அவருடையது. என்னுடையது அந்த ம்ம் மட்டும். நீ உன்னுடையதை எழுதியபோது நான் பாலைப் பொங்கவிட்டேனே, அதற்கு உன் கதை மட்டும் காரணம் இல்லை.

அதற்குமேல் எழுத வரவில்லை. பேசினால் வருமோ என்னவோ. நீதான் போன் எடுக்கமாட்டாயே.

டெஸ்டுக்கு நன்றாகப் போய்விட்டு வா. கை நடுங்கினால் நடுங்கட்டும்.

அக்கா

*

ஜூன் 1

அக்காவுக்கு,

ஸ்டோர் ரூம் சாவியை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இந்த மேசைக்கு நான்கு காலும் சரியாக இருக்கிறது.

மீசை அண்ணன் வந்திருந்தார். மேனேஜரிடம் அவரே அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டாராம். குழிக்குள் விடவில்லை, தரைத்தளத்தில் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். குழியில் வேறு ஆள். நான் கூரைமேல் ஏறினேன். பட்டன் பெட்டியைக் கையில் எடுத்ததும் கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. ஓடாமல் நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, மேனேஜர் ஆறு நிமிடம் என்றார்.

பிறகு, "இறக்கவா?" என்றேன்.

"இறக்கு!" என்று குழியிலிருந்து குரல் வந்தது. கூடவே தரைத்தளத்திலிருந்து இன்னொரு குரல், அதைவிடப் பெரிதாக, "வாயைத் தொறந்து திருப்பிச் சொல்லுடா!"

"இறக்குறேன்!" என்று கத்தினேன். எட்டு மாடியிலும் ஆபீஸ்காரர்கள் தலையை நீட்டி என்ன கலாட்டா என்று பார்த்தார்கள். ஐந்தாம் மாடிவரை விரல் ஆடியது. அதற்குப் பிறகு பட்டனைத் தவிர வேறு ஞாபகம் இல்லை. கீழே வந்து சேர்ந்தபோது அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து, "ரொம்ப மெதுவு" என்றார். டெஸ்ட் பாஸ்.

இரண்டு பேருக்கும் கமிட்டி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறது. அண்ணன் அதைச் சட்டம் போடப் போகிறாராம். வீட்டுக்குப் போகும்போது காய்கறி வாங்கிக்கொண்டு லிஃப்டில்தான் ஏறப்போகிறேன். தலைமை ஆசிரியர் பார்த்தால் நிம்மதியாக இருப்பார்.

இப்போது உன் விஷயம். உன் எண்ணைத் திறந்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு நான் கூப்பிடுவேன். உட்கார்ந்துகொண்டு எடு, கையில் பேனா, பேப்பர் எதுவும் இருக்கக் கூடாது. அந்த மனுஷன் யார் என்று கேட்க மாட்டேன். கதவருகே நடந்ததில் உன் பங்கு எதுவோ அதை மட்டும் சொல். தப்பில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. உனக்கு அது வேண்டியதும் இல்லை.

நீதான் பேச வேண்டும். உம் கொட்டுவது ஆரம்பத்திலிருந்தே என் வேலை. எட்டு மாதமாக அந்தச் சத்தம் என் வாயிலிருந்து வரவில்லை. போன வாரம் கறாரம்மா முன்னால் சொல்லிப் பார்த்தேன், வந்தது. நடுவில் நின்றால் தூங்கிவிட்டேன் என்று போர்வையைத் தேடாதே, டவர் போயிருக்கும்.

கடிதத்தில் அதைப் போட முடியாது என்று முதலில் எழுதியிருந்தேன். அது தப்பு. போடலாம்.

ம்ம். சொல்லு.

பல்லி